தடைக்காலத்தில் டீசல் டேங்க்கையும் கவனியுங்க!

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் இன்ஜின் சத்தம் அடங்கிவிடும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக 61 நாள் தடைக்காலம். வலை சீரமைப்பது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது என விசைப்படகுகளில் வேலை நடக்கும். ஆனால், பலரும் திறந்து பார்க்காத ஒன்று உண்டு... டீசல் டேங்க்!

பழைய படகுகளில் பாதி காலியான டேங்க்குக்குள் ஈரமான கடல்காற்று புகுந்து, இரவுக் குளிரில் நீர்த்துளியாகிறது. டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடும். இரும்பு டேங்க் என்றால் துருப்பிடிக்கும். டீசலும் நீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுப்புக் கசடு உருவாகும்.

கரையில் நிற்கும்வரை இது தெரியாது. தடை முடிந்து கடலுக்குப் போனதும், அலையின் குலுக்கலில் கசடு கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். இன்ஜின் நின்றுபோன படகைக் காற்றும் நீரோட்டமும்தான் இழுத்துச் செல்லும். இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டிவிடும் ஆபத்தும் உண்டு.

என்ன செய்யலாம்?

* படகை நிறுத்தும்போது டேங்க்கை ஏறக்குறைய நிரப்பி வைக்கலாம். உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது.

* புறப்படும் முன், டேங்க்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் தெரிந்தால், சுத்தமான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும்.

* கசிவு இருந்தால் அப்படியே வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்க்கில் தங்கிய டீசல் ஆவி வெடிக்கலாம்.

* மாற்று ஃபில்டர் எப்போதும் படகில் இருக்கட்டும்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையை அழைக்க: 1554.