மீந்த சோறும் வெப்ப இயலும்

காத்திவாக்கம், எண்ணூர் போன்ற தொழிற்பகுதிகளில் ஷிப்டு வேலைக்குச் செல்வோர் வீட்டில் இரவுச் சோறு மீந்துபோவது புதிதன்று. மறுநாள் வாணலியில் எண்ணெய் விட்டு, வெங்காயம், மிளகாய், மீந்த பொரியல், கிடைத்தால் ஒரு முட்டை அல்லது நான்கு இறால் சேர்த்து அச்சோற்றைப் புரட்டி எடுத்தால் சுவையான உணவு தயார். ஓட்டல்காரர் இதையே ‘ஃபிரைடு ரைஸ்’ என்கிறார். ஆனால் அப்போதே வடித்த சோற்றில் இதைச் செய்து பாருங்கள்; குழைந்து சட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆறிய சோறு மட்டும் உதிரியாக வருவதேன்?

சோறு ஏன் விறைக்கிறது?

அரிசியின் பெரும்பகுதி ஸ்டார்ச் எனப்படும் மாவுப்பொருளாகும். அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இருவகை மூலக்கூறுகள் இதில் உள்ளன. சுமார் 70° செ. வெப்பநிலையில் மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பி இளகுகின்றன. சோறு ஆறும்போது இம்மூலக்கூறுகள், முதலில் அமைலோஸ், மீண்டும் நெருங்கி வரிசையாக அமைந்து இறுகுகின்றன. 4° செ. அளவில் இம்மாற்றம் விரைவாக நிகழும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பது இதனால்தான். புழுங்கலரிசி ஆலையிலேயே ஒருமுறை வெந்து, ஆறி, உலர்ந்தது. ஆகவே அதன் சோறு பச்சரிசிச் சோற்றைவிடக் குறைவாகவே ஒட்டும்.

ஈரம் என்னும் தடை

அரைக் கிலோ சோற்றை 30° செ. இலிருந்து 100° செ. வரை சூடாக்க ஏறத்தாழ 28,000 கலோரி வெப்பம் தேவை. அதிலுள்ள நீரில் வெறும் 50 கிராமை ஆவியாக்கவோ, கிராமுக்கு 540 கலோரி வீதம், 27,000 கலோரி தேவை! இதுவே நீராவியின் உள்ளுறை வெப்பம். 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தில், டர்பைனைச் சுழற்றி வெளிவந்த நீராவியை மீண்டும் நீராக்கக் குளிர்நீர் தேவைப்பட்டதும் இந்த வெப்பத்தை அகற்றுவதற்கே.

ஈரச்சோறு வாணலியில் விழுந்தால் அடுப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. வெப்பநிலை 100° செ. ஐத் தாண்டாது. வறுத்த மணமும் நிறமும் தோன்ற சுமார் 140° செ. வேண்டும். எனவே சோறு உலர்ந்திருக்க வேண்டும்; சட்டி நன்றாகக் காய வேண்டும்; ஒரு நேரத்தில் சிறிதளவே இட வேண்டும்.

சூட்டுக்கு அஞ்சாத நஞ்சு

“பழைய சோறானால் என்ன, நன்றாகச் சூடாக்கினால் கிருமி செத்துவிடும்” என்று நாம் எண்ணுகிறோம். இங்கேதான் ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறியதும் முளைத்துப் பெருகுகின்றன. நம் கடலோரக் கோடை இரவின் 30° செ. அவற்றுக்கு மிகவும் உகந்தது. பெருகும்போது அவற்றில் சில வகைகள் வெளியிடும் நஞ்சு 121° செ. இல் 90 நிமிடம் வைத்தாலும் அழிவதில்லை. வாணலி அதை என்ன செய்துவிட முடியும்? 1970களில் பிரிட்டனின் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் உண்ட பலர் வாந்தியால் அவதிப்பட்டதற்குக் காரணம், சோற்றை வடித்து நெடுநேரம் வெளியில் வைத்திருந்ததே. உண்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். முகர்ந்து பார்த்து இந்நஞ்சைக் கண்டறிய இயலாது.

செய்ய வேண்டியது

மீந்த சோற்றைப் பானையிலேயே விடாதீர்கள். வெப்பம் கடந்து வெளியேறும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மிகும். 10 செ.மீ. குவியல் ஆற, 2 செ.மீ. பரப்பலைவிட ஏறத்தாழ 25 மடங்கு நேரமாகும். ஆகவே அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே, ஒரே ஒருமுறை சூடாக்கி, உண்டு முடியுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லையா? அன்று வடித்த சோற்றையே மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். மேற்பரப்பின் ஈரம் உலர்ந்துவிடும், உடனே வறுத்துவிடலாம். இரவு முழுதும் வெளியில் கிடந்த சோற்றை மட்டும் வாணலியில் இடாதீர்கள். ஒரு பிடி சோற்றைவிடக் குழந்தையின் வயிறு பெரிதல்லவா?