சொகுசு கார்களை இஷ்டம்போல் மாற்றலாமா? சட்டம் சொல்வது என்ன?

புதுதில்லி: தோற்றத்தில் குடும்பத்துடன் பயணிக்கும் கார், வேகத்திலோ பந்தய வாகனத்துக்குச் சவால். 2015-ல் ஆடி நிறுவனம் இந்தியாவில் அறிமுகப்படுத்திய "ஆர்எஸ் 6 அவாந்த்' அத்தகைய அரிய ரகம். 560 குதிரைத்திறன், விலை ரூ. 1.35 கோடி.

இத்தகைய கார்களை வாங்குவோரில் சிலர் அத்துடன் நிறைவடைவதில்லை. என்ஜினின் மென்பொருளைத் திருத்தித் திறனைக் கூட்டுவது, சைலன்சரை மாற்றி உறுமலைப் பெருக்குவது என ஆசை நீள்கிறது. இதற்குக் குறுக்கே நிற்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு.

தயாரிப்பாளர் நிர்ணயித்த அம்சங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தைப் பொருத்தி எரிவாயு, பேட்டரிக்கு மாறுவதற்கும், மாற்றுத் திறனாளிகளின் தேவைக்கேற்ப மாற்றுவதற்கும் வழி உண்டு.

சைலன்சரை மாற்றிய பழைய மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரருக்கும் இதே ரூ. 5 ஆயிரம்தான். அவருக்கு அது பல நாள் கூலி; கோடி ரூபாய் கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. வாகனத்தின் விலைக்கேற்ப அபராதம் விதிக்க அந்தப் பிரிவில் இடமில்லை. எனவே, வசதி படைத்தோரை அபராதத்தைவிடச் சிறைத் தண்டனையே அதிகம் தயங்க வைக்கக் கூடும்.