மேலே உள்ள மாடி கணக்கில் வருமா?

சிறுதொழிலுக்குத் திட்டம் போடுவது எப்படி என்று வங்கியில் கேட்டால் புராஜெக்ட் ரிப்போர்ட், சிபில் ஸ்கோர் என்பார்கள். மும்பை தாராவியில் தோல்பை தைக்கிறவரைக் கேட்டால் அண்ணாந்து பார்ப்பார். அங்கே ஏணியில் ஏறிப்போகும் ஒரு மாடி. தோல் அடுக்குவது, தைக்கும் காரிகர்கள் படுப்பது, தீபாவளி கிஃப்ட் ஆர்டர் குவிந்தால் கூடுதல் மெஷின் ஓடுவது எல்லாம் அதில்தான்.

நவி மும்பை நெருளில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனவர்களிலும் பட்டறையைத் தாராவியிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி வருகிறார்கள். பட்டறையையும் துர்பே பக்கம் கொண்டுபோகலாமே? போகலாம்தான். ஆனால் பக்கிள், ஜிப், லைனிங், ஓரம் சீவித் தரும் ஜாப் ஒர்க் எல்லாம் தாராவியில் நடக்கிற தூரம். இருபது பெல்ட் குறைந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரர் தைத்துக் கொடுப்பார். செக் கேட்காமல் கடனும் கொடுப்பார். இந்த முதலீட்டை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவது?

2015 மார்ச்சில் காளை, எருது வதைக்கு மகாராஷ்டிர மாநிலத்தில் தடை வந்தது. எருமைத் தோல், ஆட்டுத் தோல், ரெக்சின் என்று மாறிக்கொண்டார்கள். 2016 நவம்பர் 8 செல்லா நோட்டு அறிவிப்பு, அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி, பிறகு கொரோனா என அடி மேல் அடி விழுந்தும் எழுந்தார்கள். சரக்கை மாற்றலாம், கூலியைக் குறைத்துப் பேசலாம், சீட்டு எடுத்துச் சமாளிக்கலாம். இடத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2004-இல். வீடு வீடாகப் புதிய கணக்கெடுப்பு தொடங்கியது 2024 மார்ச்சில். நடுவில் வளர்ந்த பிள்ளைகள் ஐடி கம்பெனிக்குப் போய்விட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த, தகுதியுள்ள வணிக இடத்துக்கு 225 சதுர அடி இலவசம் என்பது விதி. கீழே அவ்வளவு, மேலே அவ்வளவு என்று தொழில் நடத்துகிறவருக்குப் பாதிப் பட்டறை போய்விடும் என்ற பயம்.

முறையான முகவரி கிடைத்தால் வங்கிக் கடன் சுலபம், கழிவுநீர்த் தொல்லை தீரும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். அந்த முகவரி எந்த ஆண்டு, எத்தனையாவது மாடியில் என்று தெரியாதவரை யார் புது மெஷினுக்குத் தவணை கட்டுவார்? செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். மூன்று மாதத்துக்குள் முடித்துக் கொடுக்கிற ஆர்டரை மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். வருஷ ஒப்பந்தம் பேச வருகிறவரிடம், தீபாவளி கழியட்டும் சேட், பார்க்கலாம் என்கிறார்கள்.