நீச்சல் குளத்தில் கண் எரிவது ஏன்?

தூத்துக்குடியில் கோடை விடுமுறைக்கு நீச்சல் குளம் போய்த் திரும்பும் பிள்ளைகளின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருக்கும். “குளோரினை அள்ளிக் கொட்டியிருப்பாங்க” என்பார் ஆச்சி. பாவம் குளோரின், பாதிப் பழி வீண்பழி.

நீரில் கலந்த குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிக் கிருமிகளைக் கொல்கிறது. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் போதும். அந்த அளவில் வாடை பெரிதாகத் தெரியாது. ஆனால் வியர்வையும் (சொல்லவே கூச்சம்தான்) சிறுநீரும் சேர்ந்தால், அவற்றிலுள்ள அம்மோனியா, யூரியாவோடு அது வினைபுரிந்து குளோரமைன்கள் உண்டாகின்றன. கண்ணைக் கரிக்க வைப்பதும் மூக்கைத் துளைப்பதும் பெரும்பாலும் இவைதாம். வாடை தூக்கலாக அடித்தால், மேல் கழுவாமல் இறங்கியவர்கள் கூடிவிட்டார்கள் என்று பொருள்!

திறந்தவெளிக் குளத்தில் கடற்காற்று அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலோ கிருமி கொல்லும் குளோரினையே சிதைத்துவிடும். அதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் சேர்ப்பதுண்டு.

முத்துக்குளித்தவர்கள் மூழ்கிய கடலில் குளோரமைன் தொல்லை இல்லை. ஆனால் கண்ணீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உப்பு. வேடிக்கை, குளோரினும் உப்பின் பிள்ளைதான். உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் ஹைட்ரஜன், கரைசலில் காஸ்டிக் சோடா. காயல்பட்டினத்துக்கு அருகே சாகுபுரத்து ஆலையில் நடப்பது இதுதான்.