காலையில் மட்டும் உதறும் பழைய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை என்னென்ன?

காலை எட்டரை மணி. ஆபீஸுக்குக் கிளம்ப கார் சாவியைத் திருப்புகிறீர்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் உதறுகிறது. ஆர்பிஎம் முள் மேலும் கீழும் ஆடுகிறது. கியர் போட்டு நகர்ந்தால் திணறுகிறது, முதல் சிக்னலில் ஆஃப் ஆகிறது. ஐந்து நிமிஷம் ஓட்டிய பிறகு எதுவுமே நடக்காத மாதிரி ஸ்மூத்தாக ஓடுகிறது.

மாலையில் மெக்கானிக்கிடம் கொண்டு போனால், "நல்லாத்தானே சார் ஓடுது?" என்கிறார். அல்லது, "எதுக்கும் இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப் ரெண்டையும் மாத்திடலாம்" என்கிறார். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பத்து, பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருந்தால் இது உங்களுக்கும் நடந்திருக்கலாம். காலையில் மட்டும் வரும் உதறலுக்குத் தனிக் காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

குளிர்ந்த இன்ஜினுக்கு என்ன சிக்கல்?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது சரியாக எரியாது. ஆவியாகி காற்றோடு கலக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற இன்ஜினில் உலோகம் குளிர்ந்திருப்பதால், இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடும். அதை ஈடுகட்ட ஸ்டார்ட் ஆகும்போது கூடுதல் பெட்ரோல் தேவை.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இதற்காக டிரைவர் கையால் 'சோக்' இழுப்பார். இன்று அந்த வேலையை ஈசியூ என்ற கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்லும். அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று ஈசியூ முடிவு செய்யும்.

சூடானதும் சரியாகிவிடுகிறதே?

பெரும்பாலும் சரியாவதில்லை, குறை மறைக்கப்படுகிறது.

சைலன்சர் பக்கம் உள்ள ஆக்சிஜன் சென்சார், புகையைப் பார்த்து பெட்ரோல் அதிகமா குறைவா என்று ஈசியூவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் அது சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை ஈசியூ கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுகிறது. எங்கோ ஒரு ஹோஸில் விரிசல் இருந்து காற்று கசிந்தால், முதல் சில நிமிஷம் அது அப்படியே உதறலாகத் தெரியும். சென்சார் விழித்ததும் ஈசியூ அதை ஈடுகட்டிவிடும். ஆகவே உங்கள் கார் உண்மையைச் சொல்வது அந்த முதல் ஐந்து நிமிஷத்தில்தான்.

சென்னையில் ஒழுங்காக ஓடிய கார், டெல்லிக்கோ பெங்களூருவுக்கோ மாறியதும் அடம்பிடிப்பதும் இதனால்தான். சென்னையின் மார்கழிக் காலையும் டெல்லியின் ஜனவரிக் காலையும் ஒன்றல்ல. குறை ஏற்கெனவே இருந்திருக்கும், குளிர் அதை வெளியே கொண்டு வந்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

செலவு இல்லாததில் தொடங்கி, செலவு அதிகமானதில் முடியுங்கள்.

1. பேட்டரி: காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மல்ட்டிமீட்டரில் 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் ஸ்பார்க்கும் பலவீனமாகும்.

2. சென்சார் பொய் சொல்கிறதா? இதற்கு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் போதும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஏப்ரல் 2013-க்குப் பிறகு தயாரான கார்களில் ஓபிடி-2 வசதி இருக்கும், அதற்கு முந்தைய பல கார்களிலும் உண்டு. இரவு முழுக்க கார் நிற்கட்டும். காலையில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மொபைல் ஆப்பில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, வெளியே உள்ள வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும். வெளியே 18 டிகிரி, காற்று 19, ஆனால் கூலன்ட் 55 என்று காட்டினால் குற்றவாளி சிக்கிவிட்டது. இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைத்துத் தருகிறது.

3. ஸ்பார்க் பிளக்: சாதாரண நிக்கல் பிளக் சுமார் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். கடைசியாக எப்போது மாற்றினோம் என்றே தெரியவில்லையா? மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. பழைய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். கருப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் எரியவே இல்லை. இளம் பழுப்பு நிறம் என்றால் நல்லது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும்; சூட்டில் கழற்றினால் மரை கெட்டுவிடும்.

4. த்ராட்டில் பாடி: காற்று உள்ளே போகும் வாசல் இது. வருஷக்கணக்கில் கரி படிந்து, ஐடிலிங்குக்குத் தேவையான காற்றை அடைத்துவிடும். ஐடில் ஆர்பிஎம்மைச் சமாளிக்கும் வால்வும் இதே கரியில் சிக்கும். அதற்கான கிளீனர் ஸ்பிரே போட்டுத் துடைத்தாலே பல கார்கள் சரியாகிவிடும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார் என்றால் தட்டை விரலால் தள்ளாதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

5. காற்றுக் கசிவு: ரப்பர் ஹோஸ்கள் வயதானதும் இறுகி, குளிரில் இன்னும் சுருங்கும்; விரிசல் வாய் திறக்கும். காலையில் பானெட்டைத் திறந்து 'உஸ்ஸ்' சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஸ்கேனரில் பி0171 என்ற கோட் வந்தால் இந்தப் பக்கம் சந்தேகம் வலுவாகும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் இடம் தெரிந்துவிடும்.

6. பெட்ரோல் பிரஷர்: சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் இரண்டு நொடி 'உய்ங்' என்று பம்ப் சத்தம் வரும். ஆன், ஆஃப் என்று மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தால் மட்டும் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது என்றால், இரவில் லைனில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்ப் பற்றிப் பேச வேண்டியது இப்போதுதான், முதல் நாளே அல்ல.

இ20 பெட்ரோல் காரணமா?

ஓரளவு இருக்கலாம். எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட அதிக வெப்பம் வேண்டும். அதில் ஆக்சிஜனும் இருப்பதால் கலவையில் பெட்ரோலின் பங்கு சற்றுக் குறையும். இரண்டுமே குளிர் ஸ்டார்ட்டுக்கு உதவாதவை. இ20-ஐ மனதில் வைத்து வடிவமைக்கப்படாத பழைய கார்களில் ரப்பர் ஹோஸ், சீல்களையும் கவனிக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வாரக்கணக்கில் நிறுத்தும் காரில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். ஆனால் எல்லாப் பழியையும் பெட்ரோல் மீது போட்டுவிட்டு மேலே உள்ள சோதனைகளைத் தவிர்த்துவிட வேண்டாம்.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

* செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை எரித்துவிடும். சில நூறு ரூபாய் பிளக் வேலை, பல ஆயிரம் ரூபாய் செலவாக மாறுவது இப்படித்தான்.
* ஒழுகல் எதுவும் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, காலையில் சில நொடி உதறி, வெள்ளைப் புகை நீண்ட நேரம் வந்தால் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம் வர வேண்டும். குளிரில் ஓரிரு நிமிஷம் வரும் வெள்ளை ஆவியும், சைலன்சரில் சொட்டும் தண்ணீரும் சாதாரணம்தான்.
* பேஸ்மென்ட் போன்ற மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம். அரை நிமிஷம் ஐடிலிங் போதும், பிறகு மெதுவாக ஓட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"ஸ்டார்ட்டிங் ட்ரபிள்" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகம்தான் செய்ய முடியும். எத்தனை நிமிஷம் உதறுகிறது, எத்தனை டிகிரியில், ஸ்கேனரில் என்ன கோட் வந்தது என்று குறித்து வையுங்கள். காலை உதறலை மொபைலில் வீடியோ எடுங்கள். முடிந்தால் காரை முந்தின நாள் இரவே ஒர்க்‌ஷாப்பில் விட்டு, "காலையில நீங்களே முதல் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கண்ணே" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக் காரைக் குளிர்ந்த நிலையில் காட்டுவதைவிட வேறு பெரிய உதவி இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே விதிதான். நீங்கள் போய்ப் பார்க்கும்போது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வர்றேன், நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.