நடித்த நாயின் பெயர்

2022 ஜூனில் ‘777 சார்லி’ வெளியானபோது பாறசாலை, நெய்யாற்றின்கரை என்ற கேரள–தமிழக எல்லைப் பகுதிக்காரர்கள் அதைத் தமிழிலும் பார்க்கலாம், மலையாளத்திலும் பார்க்கலாம் என்றிருந்தது. கிரண்ராஜ் இயக்கிய அந்தக் கன்னடப் படம் இரு மொழிகளிலும் குரல்மாற்றி வந்தது. நாயகியான லாப்ரடாருக்கு மட்டும் டப்பிங் தேவைப்படவில்லை. முகமே போதுமாக இருந்தது.

அந்த முகம் நமக்கு எப்படிப் புரிகிறது? 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் முகத் தசைகளை ஓநாய்களுடையவற்றோடு ஒப்பிட்டது. உட்புருவத்தைத் தூக்கும் தசை நாய்களில் உறுதியாக இருந்தது. ஓநாய்களில் சில நார்களாகவே எஞ்சியிருந்தது. அது சுருங்கும்போது கண் பெரிதாகி ஏக்கம் தெரிகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்ததில், மனிதர் கண்டு இரங்கும் முகம் நாய்க்கு வாய்த்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால் முகம் மட்டும் நடிப்பாகிவிடாது. ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் மெஸ்ஸி என்ற பார்டர் கோலி, மருந்து தின்று மயங்கிக் கிடக்கும் காட்சி உண்டு. கண் திறந்தபடி, நாக்கு தொங்க, தூக்கினாலும் துவள வேண்டும். இப்படிப்பட்ட காட்சியைத் துண்டு துண்டாகத்தான் கற்பிக்க முடியும். சரியான அசைவு வந்த நொடியிலேயே ஒரு சிறு ஒலி, உடனே தீனி. நாய் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டதும் அடுத்த துண்டு. 2023 கான் விழாவில் மெஸ்ஸிக்கு ‘பாம் டாக்’ கிடைத்தது. நாய்களின் நடிப்புக்காகப் பத்திரிகையாளர் டோபி ரோஸ் 2001இல் தொடங்கிய விருது அது. பரிசு ஒரு தோல் கழுத்துப்பட்டை.

நாயின் காதும் முகத்துக்குச் சளைத்ததல்ல. 2022இல் வெளியான புடாபெஸ்ட் ஆய்வொன்றில் 18 நாய்கள் ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்து, ஸ்பானிஷும் ஹங்கேரியனும் கேட்டன. அசையாமல் படுப்பதே பெரிய பயிற்சி! மொழி மாறியபோது மூளையின் துலங்கலும் மாறியது. வயது கூடிய நாய்களில் வேறுபாடு இன்னும் தெளிவு. இந்தச் சோதனையை அதே எல்லையிலுள்ள களியக்காவிளையின் இருபுறமும் நடத்த வேண்டும் என்பது என் ஆசை. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் ஒலிக்கும் ஊர்கள் அவை. இவ்வளவு நெருங்கிய இரண்டு மொழிகளைப் பிரித்தறிய நாய்க்கு இன்னும் நுட்பமான செவி வேண்டும்.

2023இல் அறிவிக்கப்பட்ட 69ஆவது தேசிய விருதுகளில் ‘777 சார்லி’ சிறந்த கன்னடப் படமானது. நாய்க்கென்று அங்கே தனிப் பிரிவு இல்லை. தனிப் பிரிவு கூட வேண்டாம். சான்றிதழில் நாயின் பெயரும் பயிற்றுநர் பிரமோத்தின் பெயரும் இருந்திருக்கலாம். படப்பிடிப்பில் விலங்கைப் பயன்படுத்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முன்அனுமதி கட்டாயம். எந்த விலங்கு, யாருடையது என்ற விவரத்தை விருதுக் குழு அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.