டிங்ங்... என்றால் கிரிஸ்டல்!

கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்களையெல்லாம் அடுத்தவர் கல்யாணங்களுக்குத் தள்ளிவிட்ட பிறகும் ஷோகேஸில் மிஞ்சி நிற்பது, துபாய் மச்சான் கொடுத்த அந்தக் கிரிஸ்டல் செட்தான். தீபாவளி நெருங்கினால், ‘என்னங்க, அதை மட்டும் நீங்களே கழுவிடுங்களேன். எனக்குப் பயமா இருக்கு’ என்று அந்த உத்தியோகம் உங்கள் தலையில் விழும். உடைந்தால் பழி போட ஆள் வேண்டுமே!

முதலில் அது கிரிஸ்டல்தானா? மெல்லிய விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். ‘டொக்’ என்றால் பெரும்பாலும் சாதாக் கண்ணாடி. ‘டிங்ங்...’ என்று மணி மாதிரி இழுத்தால் கிரிஸ்டல். பெயர்தான் அப்படியே தவிர, அது படிகமில்லை, கண்ணாடிதான். 1670-களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் கண்ணாடியில் காரீய ஆக்ஸைடைக் கலந்தார். கனம், ஜொலிப்பு, டிங் எல்லாம் அந்தக் காரீயத்தின் உபயம். கூடவே கண்ணாடி மிருதுவாகியும் விடுகிறது. ஆகவே தேங்காய் நாரும் தேய்க்கும் பவுடரும் கிட்டவே வரக்கூடாது.

ஸிங்க்கில் கழுவாதீர்கள். குழாய் மூக்கில் இடித்துத்தான் பாதி கிளாஸ்கள் உயிரை விடுகின்றன. பிளாஸ்டிக் டப்பில் பழைய துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு சோப்பு திரவம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நேரே வெந்நீரில் விட்டால் விரிசல் நிச்சயம்.

துடைக்க, பல வெளுப்பு கண்ட பழைய வேட்டிக்கு ஈடில்லை. நூல் பிசிறு ஒட்டாது. ஒரு கையால் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேலே திருகினீர்களானால் நடுவிலிருக்கும் காம்பு ‘படக்’! கிண்ணப் பகுதியையே ஏந்திப் பிடித்துத் துடையுங்கள்.

போர்வெல் தண்ணீர் உபயத்தில் வெள்ளைப் படலமா? வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். அதற்கும் போகவில்லையா? கண்ணாடியே அரித்துவிட்டது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் பலப்பரீட்சை வேண்டாம். உள்ளே குளிர்ந்த தண்ணீர், வெளியே வெதுவெதுப்பான தண்ணீர். தானாக விட்டுக்கொடுக்கும்.

இனிதான் முக்கியமான சமாசாரம். ‘பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வைக்கலையா?’ என்று கேட்பீர்கள். சார், அது வெள்ளீயம். இது காரீயம், மூளை, நரம்பு எல்லாவற்றுக்கும் விரோதி. புளிப்பும் மதுவும் பட்டால் கண்ணாடியிலிருந்து மெல்ல இறங்கும். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போர்ட் ஒயினைக் கிரிஸ்டல் ஜாடிகளில் நாலு மாசம் வைத்துப் பார்த்து, அதில் காரீயம் பல மடங்கு ஏறியிருந்ததை 1991-ல் வெளியிட்டார்கள். விருந்தாளிக்கு ஊற்றி உடனே குடிப்பது வேறு. நாள்கணக்கில் வைப்பது வேறு. எனவே பார்க்க அழகாக இருக்கிறதே என்று அந்த மூடி போட்ட கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாயை நிரப்பி டைனிங் டேபிளில் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் எதுவுமே தரவேண்டாம். புதிதாக வாங்குவதென்றால் காரீயம் கலக்காத கிரிஸ்டலே கிடைக்கிறது. பெட்டியில் போட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். மச்சானிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.